பழைய துணை நடிகர்கள், வானொலிக் குரல்கள்: படப் பட்டியலைச் சரிபார்ப்பது எப்படி?

மாம்பலம் மெயில்

1930களிலிருந்து 60கள் வரை தமிழ்ப் படங்களில் சின்ன வேடங்களில் வந்துபோன ஏழெட்டு நடிகர் நடிகைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத வேண்டும். கதாநாயகர்களுக்கு ஆளுக்கு நாலு புத்தகம் இருக்கிறது. இவர்களுக்கு இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பட்டியல்கள்தான்.

'ராமசாமி' என்று தேடினால் புளிமூட்டை ராமசாமி, பிரண்ட் ராமசாமி, வி.கே. ராமசாமி மூவரின் படங்களும் ஒரே ஆள் கணக்கில் கிடக்கின்றன. ஒரே படத்துக்கு ஒரு தளம் ஒரு வருடத்தையும் இன்னொன்று அடுத்த வருடத்தையும் போடுகிறது. யூடியூபில் இருக்கும் பிரதிகள் பலவற்றில் டைட்டிலே இல்லை. நேராகக் கதையில் தொடங்குகின்றன. போதாக்குறைக்கு, என் பட்டியலில் இரண்டு பேர் மெட்ராஸ் வானொலி நாடகங்களிலும் பேசியவர்கள் என்கிறார்கள். அதற்கு எழுத்தில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

சென்னையிலேயே இருப்பதால் நேரில் போய்ப் பார்க்க முடியும். எங்கே போய், எதை எடுத்து, எந்த வரிசையில் பார்ப்பது? எதை நம்பலாம்?

பாட்டுப் புத்தகம்

படத்தைத் தேடக் கிளம்பும் முன்னால் ஆளைப் பிரியுங்கள் சார். ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாமல் பட்டியல் போட ஆரம்பித்தால் பாதியில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டிவரும்.

பிரிப்பதற்கு முதல் கருவி அடைமொழி. 'குலதெய்வம்' ராஜகோபாலுக்கு அந்தப் பெயர் வந்தது 1956-ல் வந்த குலதெய்வம் படத்தால். அதற்கு முந்தைய படம் எதிலும் அந்த அடைமொழி டைட்டிலில் இருக்க வழியில்லை, வி.ஆர். ராஜகோபால் என்று தேட வேண்டும். 'டணால்' தங்கவேலுவுக்கு 1951-ன் சிங்காரி, 'வெண்ணிற ஆடை' மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் 1965, 'என்னத்த' கன்னையாவுக்கு 1967-ன் நான், 'சி.ஐ.டி.' சகுந்தலாவுக்கு 1970-ன் சி.ஐ.டி. சங்கர். சகுந்தலா அதற்கு முன்பு ஏ. சகுந்தலா. ஆக, ஒரு பழைய படத்தின் நடிகர் பட்டியலில் பின்னாளைய அடைமொழி ஒட்டியிருந்தால், அந்தப் பட்டியலை எழுதியவர் டைட்டிலைப் பார்க்கவில்லை, நினைவிலிருந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் கொடுத்த மற்ற பெயர்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் ராமசாமி சிக்கலில் பாதி ஒரே வருடத்தில் தீரும். வி.கே. ராமசாமி படத்துக்கு வந்தது 1947 பொங்கலுக்கு வெளியான ஏவி.எம்.மின் நாம் இருவரில். அதற்கு முன்னால் வரும் ராமசாமி எவரும் அவர் இல்லை. அந்தப் படத்தில் அவருக்கு வயது 21தான், வேடமோ நரைத்த பெரியவர். வேடத்தைப் பார்த்துப் பிறந்த வருடத்தை ஊகிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இந்த ஒரு படமே போதும்.

சரோஜாக்கள் இன்னும் மோசம். பாலயோகினியில் (1937) வந்த பேபி சரோஜா, என் தங்கையில் (1952) எம்.ஜி.ஆருக்குத் தங்கையாக வந்த ஈ.வி. சரோஜா, ஜெனோவாவில் (1953) நடித்த பி.எஸ். சரோஜா, கல்யாண பரிசில் (1959) தங்கவேலுவுக்கு ஜோடியாக வந்த எம். சரோஜா, இவர்களுக்கு மேல் பி. சரோஜாதேவி. தலைப்பெழுத்தை விட்டுவிட்டு 'சரோஜா' என்று மட்டும் எழுதிய எந்த ஆதாரத்தையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஏ. கருணாநிதி என்ற நகைச்சுவை நடிகரைத் தேடினால் வசனகர்த்தா மு. கருணாநிதியின் படங்கள் வந்து கொட்டும். தேடுபொறிக்குத் தலைப்பெழுத்து ஒரு பொருட்டே இல்லை.

தலைப்பெழுத்தும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. அப்பா பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்ப்பார்கள்: வி.சி. கணேசனில் விழுப்புரம், எம்.ஜி. சக்ரபாணியில் மருதூர். பாதி வாழ்க்கையில் ஊர் எழுத்தை விட்டுவிட்டவர்கள் உண்டு. எம்.ஜி.ஆரே 50களின் தொடக்கம் வரை டைட்டிலில் எம்.ஜி. ராமச்சந்தர். பெரிய நடிகருக்கே இந்த நிலை என்றால் கூட்டத்தில் ஒருவராக நின்றவருக்குச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்ற மெல்லிய புத்தகம். நடிகர் பெயரும் வேடப் பெயரும் எதிரெதிரே இருக்கும், பிறகு கதைச் சுருக்கம், 'மற்றவை வெண்திரையில் காண்க', பிறகு பாட்டு. துணை நடிகருக்கு வேடப் பெயர் கிடைக்கும் இடம் பல படங்களில் இது ஒன்றுதான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. இணையத்தில் அவர்கள் பட்டியலைப் பார்த்து, வேண்டிய படப் பெயர்களைக் குறித்து, முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போனால் ஒரு நாளில் நிறையப் பார்க்கலாம். அங்கே போய் உட்கார்ந்து யோசித்தால் முடியாது.

ரீல் பெட்டி

மேலே சொன்னது சரி. ஆனால் பாட்டுப் புத்தகத்தைக் கடைசிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிலீஸ் நாளன்று கையில் இருக்க வேண்டும் என்பதற்காக, படத்தொகுப்பு முடியும் முன்பே அச்சுக்குப் போயிருக்கும். அதில் பெயர் இருப்பவரின் காட்சி படத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம். மறு வெளியீட்டுக்கு அச்சிட்ட புத்தகங்களில் அதற்குள் பெரிய ஆளாகிவிட்ட நடிகரின் பெயரை மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். புத்தகத்தில் பெரும்பாலும் வருடம் இருக்காது. அச்சகத்தின் முகவரியையும் விநியோகஸ்தர் பெயரையும் பார்த்துத்தான் முதல் பதிப்பா என்று ஊகிக்க வேண்டும்.

டைட்டில் கார்டுதான் முதல் சாட்சி. யூடியூபில் நிறுத்திவிட்டு விசைப்பலகையில் கமா, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். ஒரு கார்டு கரைந்து அடுத்தது வரும் இடத்தில் எழுத்து இரட்டிப்பாகத் தெரியும், அதனால் நடு பிரேமை எடுங்கள். அதில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதுங்கள்: 'ஸரோஜா' என்றிருந்தால் ஸரோஜா, திருத்தாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அங்கே உளறும். ர-வையும் துணைக்காலையும் அது எப்போதுமே குழப்பிக்கொள்ளும். கண்ணால் படித்துக் கையால் தட்டுவதே வேகம்.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பதிவேற்றங்கள் இருந்தால் எல்லாவற்றையும் திறந்து முதல் மூன்று நிமிடம் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் பெயரைப் போட டைட்டிலை வெட்டியிருக்கும், இன்னொருவர் பழைய டி.வி. ஒளிபரப்பைப் பதிந்து அப்படியே ஏற்றியிருப்பார்.

உங்கள் பிரதியில் எவ்வளவு வெட்டு என்று கணக்குப் போடலாம். தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் இருக்கும். சான்றிதழ்ப் பட்டியல்கள் அரசிதழில் வந்திருக்கின்றன. 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. 15,000 அடி என்றால் 166 நிமிடம் 40 நொடி. மீட்டரில் கொடுத்திருந்தால் நிமிடத்துக்கு 27.43. 16 மி.மீ. பிரதிக்கு நிமிடத்துக்கு 36 அடி. அதே படம் 6,000 அடிதான் வரும். இதைக் கவனிக்காமல் '9,000 அடி காணோம்' என்று எழுதியவர்களும் உண்டு.

இதில் ஒரு பொறி. நம் டி.வி.க்கும் வீடியோ கேசட்டுக்கும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 பிரேம். அந்த வழியாக வந்த பிரதி, ஒரு பிரேம்கூட வெட்டாமலே 4 சதவீதம் சீக்கிரம் முடியும்: 166 நிமிடம் 40 நொடி சரியாக 160 நிமிடமாகும். அதை வெட்டு என்று எண்ணிவிடாதீர்கள். குரலும் அதே அளவு மெலிந்து ஒலிக்கும். குரலை வைத்து ஆளைச் சொல்லும் முன் ஓட்டத்தை 0.96 ஆகக் குறைத்துக் கேளுங்கள். ஆனால் சுருதியை மாறாமல் வைத்து வேகத்தை மட்டும் குறைக்கும் இயக்கிகள் (யூடியூபே அப்படித்தான்) இதற்கு உதவாது. ஒலியை இறக்கி, சுருதியும் சேர்ந்து குறையும்படி ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் மாற்ற வேண்டும். இரண்டு வி.சி.டி.யில் அடங்கிய பழைய படம் என்றால் தட்டுக்கு 80 நிமிடம்தான் எல்லை. அதைவிட நீளமான படத்தில் கத்தரி போடுவது பெரும்பாலும் நகைச்சுவைப் பகுதியிலும் பாட்டிலும்தான். உங்கள் துணை நடிகர்கள் இருந்ததும் அங்கேதான்.

போர்க்காலப் படங்களுக்கு ஒரு குறிப்பு: பிலிம் தட்டுப்பாட்டால் 1942 வாக்கில் அரசு 11,000 அடி உச்சவரம்பு வைத்தது. அந்தக் காலப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் சந்தேகப்பட வேண்டாம்.

தி.நகர் தெற்கு

நடிகர் சங்கத்தில் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். சங்கமே 1952-ல்தான் தொடங்கியது. அதற்குள் ஒதுங்கிவிட்டவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். கூட்டத்தில் நிற்பவர்களுக்குத் தனிச் சங்கம்.

கலைமாமணி விருதை எழுதும்போது எந்த ஆண்டுக்கான விருது, எந்த ஆண்டில் கொடுத்தது என்று இரண்டையும் எழுதுங்கள். பல வருட விருதுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் அறிவிப்பது வழக்கம். 2011 முதல் 2018 வரைக்கும் உள்ளது 2019-ல்தான் வந்தது.

அலைவரிசை

வானொலிப் பகுதிக்கு வருகிறேன். முதலில் எந்த வானொலி என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது, திருச்சி 1939 மே 16. அதற்கு முன் மெட்ராஸில் 1924 முதல் ரேடியோ கிளப்பும், அது நொடித்த பிறகு 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பும் இருந்தன. '1935-ல் அகில இந்திய வானொலி மெட்ராஸில் பாடினார்' என்ற வரி எங்கே கண்டாலும் அது மாநகராட்சி ஒலிபரப்பாகத்தான் இருக்க முடியும்.

நாடகக் குரல்களுக்கு ஆதாரம் நிகழ்ச்சி இதழ்கள். தமிழில் 'வானொலி', ஆங்கிலத்தில் 'தி இந்தியன் லிஸனர்'. ஆங்கில இதழ் 1958 ஜனவரியில் 'ஆகாஷ்வாணி' என்று பெயர் மாறியது. பழைய பெயரிலேயே தேடிவிட்டு 58-க்கு மேல் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆர்கைவ் (archive.org) தளத்தில் லிஸனர் இதழ்கள் நிறைய ஏறியிருக்கின்றன. கோப்பின் பெயரில் தேதி மட்டுமே இருக்கும்; அதனால் நாள் தெரியாமல் பெயரை வைத்து நேரடியாகத் தேடினால் சிக்காது. மெட்ராஸ், திருச்சி பக்கங்களுக்குப் போய் இரவு நிகழ்ச்சிகளைப் பாருங்கள், முழு நீள நாடகம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இதழில் நாடகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும். நடித்தவர் பெயர் எல்லா நேரமும் இருக்காது. அப்படியே இருந்தாலும் அது முன்கூட்டி அச்சான அறிவிப்பு. கடைசி நேரத்தில் ஆள் மாறியிருக்கலாம், தலைவர் யாராவது இறந்து நிகழ்ச்சியே ரத்தாகியிருக்கலாம். ஆகவே கட்டுரையில் 'நடித்தார்' என்று எழுதாமல் 'இன்ன தேதி இதழில் அறிவிக்கப்பட்டது' என்று எழுதுவதே நேர்மை. ஒலிப்பதிவை எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் நாடகமெல்லாம் நேரடி ஒலிபரப்பு. டேப் வந்த பிறகும் அதை அழித்து மறுபடி பதிவதுதான் நடைமுறை, காரணம் டேப்பின் விலை.

பெயர்க் குழப்பம் இங்கேயும் உண்டு. 'வானொலி அண்ணா' என்பது சிறுவர் நிகழ்ச்சி நடத்துபவரின் பட்டம் மாதிரி. அய்யாசாமியையும் அப்படித்தான் அழைத்தார்கள், பின்னாளில் கூத்தபிரானையும் அப்படித்தான் அழைத்தார்கள். காலத்தைப் பார்க்காமல் ஆளை முடிவு செய்யக் கூடாது.

டெல்லியா சென்னையா என்பதும் முக்கியம். 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்று தமிழ்நாடே கேட்ட குரல், டெல்லி செய்திப் பிரிவிலிருந்து வந்தது. 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் மறைந்தபோது அவரைச் சென்னை அறிவிப்பாளர் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். செய்தி வாசிப்பவர் வேறு, நிலைய அறிவிப்பாளர் வேறு, நாடகத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர் வேறு. மூன்றுக்கும் ஆவணம் வெவ்வேறு இடத்தில் இருக்கும்.

இரண்டு வாழ்க்கையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு நல்ல மாதிரி பூர்ணம் விஸ்வநாதன். 1921-ல் பிறந்தவர், டெல்லியில் தமிழ்ச் செய்தி வாசித்தார், 1947 ஆகஸ்டில் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று அறியப்படுகிறார். பிறகு நாடகம், சினிமாவில் வறுமையின் நிறம் சிவப்பு (1980), மகாநதி (1994), ஆசை (1995) என்று அறுபதை ஒட்டியும் தாண்டியும் செய்த வேடங்களால்தான் அவரை ஜனங்களுக்கு முகம் தெரியும். 2008-ல் காலமானார். இவரைப் பற்றிச் சினிமா ஆட்கள் எழுதினால் வானொலி ஒரு வரியில் போய்விடும். உங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்; அதனால் சினிமா இதழ்களில் தேடாமல் நிகழ்ச்சி இதழில் தேடுங்கள்.

டி.வி.யும் வேண்டுமென்றால், சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய 'தூர்தர்ஷன் நாடகம்' எதுவும் சென்னையில் எடுத்ததில்லை.

மாம்பலம் மெயில்

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். இரண்டு சந்தேகம். பாட்டுப் புத்தகத்தில் ஒரு பெயரும் டைட்டிலில் வேறு பெயரும் இருந்தால் எதைப் போடுவது? பிரதியே இல்லாத படத்துக்கு என்ன செய்வது? வருடச் சிக்கலும் அப்படியே நிற்கிறது.

பாட்டுப் புத்தகம்

டைட்டிலைப் போடுங்கள், புத்தகத்தில் உள்ளதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பிரதி இல்லாத படம் என்றால் (1931-ன் காளிதாஸுக்கே பிரதி கிடையாது) பாட்டுப் புத்தகமும் அன்றைய பத்திரிகை விளம்பரமும் ஒத்துப்போனால் போதுமென்று கொள்ளலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் 'பாட்டுப் புத்தகத்தின்படி' என்று சொல்லிவிடுங்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியல்தான் இன்றைக்கும் எல்லோருக்கும் அடிப்படை. ஆனால் அதிலிருந்து ஐந்து தளங்கள் எடுத்துப் போட்டிருந்தால் அது ஐந்து ஆதாரம் ஆகாது.

வருடம் ஏன் மாறுகிறது என்றால், ஒருவர் தணிக்கைத் தேதியை எடுக்கிறார், மற்றவர் ரிலீஸை. டிசம்பரில் தணிக்கை முடிந்து பொங்கலுக்கு வந்த படம் அத்தனையும் இதில் மாட்டும். சில படங்கள் மதுரையிலும் கோவையிலும் முதலில் வந்து, மெட்ராஸுக்குத் தியேட்டர் கிடைத்த பிறகு வாரக் கணக்கில் தாமதமாக வந்தன. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள். தீபாவளி, பொங்கல், சித்திரைப் பிறப்பு ஆகிய மூன்று நாட்களுக்கும் முந்தைய ஒரு வாரத்து இதழ்களை முதலில் புரட்டினால் தேடும் படங்களில் கணிசமானவை அங்கேயே அகப்படும். விளம்பரத்தில் 'இன்று முதல்' என்றிருக்க வேண்டும். 'விரைவில்' என்பதை வைத்துத் தேதி போடாதீர்கள். 'வெற்றிகரமான 3-வது வாரம்' என்று கண்டால் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம். கோட்டூர்புரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய பருவ இதழ்கள் இருக்கின்றன. பேசும் படம், குண்டூசி என்று இதழ் பெயரில் தேடுங்கள், நடிகர் பெயரில் தேடினால் வராது.

இன்னொரு வழி, கம்பெனியைப் பிடிப்பது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மாதிரி இடங்களில் துணை நடிகர்கள் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். ஒருவர் ஒரு படத்தில் தென்பட்டால் அதே ஸ்டூடியோவின் முன்பின் இரண்டு வருடப் படங்களையும் பாருங்கள். நாடகக் கம்பெனியும் அப்படித்தான்: டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று எதில் வளர்ந்தார் என்று தெரிந்தால் அவரோடு சேர்ந்து சினிமாவுக்குப் போனவர்கள் யார் என்றும் தெரியும்.

ரீல் பெட்டி

ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு ஒரு வரி. டைட்டிலில் உள்ளபடி பெயர், புத்தகத்தில் உள்ளபடி பெயர், வேடம், முதலில் தென்படும் காட்சி, தணிக்கைத் தேதி, ரிலீஸ் தேதி, எதைப் பார்த்து எழுதினீர்கள். காட்சியை நிமிடக் கணக்கில் மட்டும் குறிக்காதீர்கள். பதிவேற்றத்தை நீக்கிவிட்டு வேறு நீளத்தில் போட்டால் கணக்கு செல்லாது. 'இரண்டாம் பாட்டு முடிந்ததும் வரும் கடைக்காரர்' என்று எழுதினால் எந்தப் பிரதியிலும் கண்டுபிடிக்கலாம். முகத்தை வைத்து முடிவு செய்யும்போது அதே வருடத்தில் வந்த, டைட்டில் உறுதியான இன்னொரு படத்தோடு ஒப்பிடுங்கள். விக்கும் மீசையும் ஏமாற்றும். காது மடலும் பல்வரிசையும் மாறாது.

கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால் அந்தத் திரைப்படத்திலிருந்தே ஒரு காட்சியை எடுக்கலாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். 1955-ல் வந்த படத்துக்கு 2015 முடிவோடு தீர்ந்துவிட்டது. விக்கிப்பீடியாக்களுக்கெல்லாம் பொதுவான படக் கிடங்கான காமன்ஸில் அமெரிக்க விதியையும் பார்ப்பார்கள் என்பதால் 1940க்குப் பிந்தைய படம் என்றால் நீக்கச் சொல்லி யாராவது வரலாம். அப்போது காமன்ஸை விட்டுவிட்டு, தமிழ் விக்கிப்பீடியாவில் நியாயப் பயன்பாடாகச் சிறிய அளவில் ஏற்றுங்கள். டி.வி.டி. உறையில் இருக்கும் வண்ணம் பூசிய படத்தை மட்டும் எடுக்காதீர்கள், அது புதுசாகச் செய்தது.